நுழையும்போது நன்றாக இருந்தவன்

நவம்பர் மாதம் பிறந்தால் எனக்கு இன்னமும் பழைய வங்கிக் கவுண்டர்தான் நினைவுக்கு வரும். லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் மாதம். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்காரர்களுக்குக் குறைவில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். காலை ஒன்பதரைக்கே மடிப்புக் கலையாத சட்டையோடு வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்பவரை இடிக்க மாட்டார்கள், முணுமுணுக்க மாட்டார்கள். அவர்களைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

அப்படி ஒரு நவம்பரில், ஒரு ஹவில்தார் தன்னோடு இன்னொருவரை அழைத்து வந்தார். கூட வந்தவருக்கு எங்கள் வங்கியில் பென்ஷன் கணக்கு இல்லை. எங்கேயும் இல்லை. எட்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். இரவு டியூட்டியில் வலிப்பு வந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் பல மாதம் இருந்து, மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். பிறகு ஒரு அரிசி ஆலையில் காவல்காரர். பிளாஸ்டிக் பையிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

படித்தேன். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. இந்த நோய் ராணுவப் பணியால் ஏற்பட்டதும் அல்ல, ராணுவப் பணியால் மோசமானதும் அல்ல என்று இருந்தது. அதைத் தமிழில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

“அப்ப எதனால சார் வந்துச்சு?”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது எழுதப்படவில்லை. என்னிடமும் பதில் இல்லை. வரிசை நீண்டிருந்தது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பணி ஓய்வுக்குப் பிறகு, நேரம் கிடைத்தபோது, இந்தச் சட்டத்தின் கதையைத் தேடிப் படித்தேன். அன்று அவர் கேட்ட கேள்வியை அரசாங்கத்தின் விதிப் புத்தகமே கேட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த ஒரு வரியின் கனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிப்பாய்க்குச் சாதாரண பென்ஷன் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும். இடையில் நோயாலோ காயத்தாலோ வெளியே அனுப்பப்பட்டால் இரண்டு வழி. நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவக் குழு எழுதி, குறைபாடு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் டிசபிலிட்டி பென்ஷன். அதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று செய்த பணிக்கு, இன்னொன்று குறைபாட்டுக்கு. பணிக்கான பகுதி கிடைக்க இத்தனை வருடம் என்ற கணக்குக் கிடையாது. தொடர்பு இல்லை என்று எழுதிவிட்டால் வேறு கணக்கு. பத்து வருடம் முடித்திருந்தால் இன்வாலிட் பென்ஷன் என்று ஒன்று உண்டு. பத்து வருடம் முடியாவிட்டால் ஒருமுறை கிராஜுட்டி வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். 2019 ஜனவரி 4ஆம் தேதிக்குப் பிறகு பணியில் இருந்தவர்களுக்குத்தான் இந்தப் பத்து வருடக் கெடு தளர்த்தப்பட்டது. அதற்கு முன் போனவர்களுக்கு அந்த ஒரு வரிதான் வாழ்க்கை. முப்பது வயதில், நோயோடு, கையில் வேறு தொழில் இல்லாமல் ஊருக்கு வருகிறவனுக்கு மாதாமாதம் ஒரு தொகை உண்டா இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்தது.

இந்த வழக்கு எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. நோய் பணியால் வந்தது என்று சிப்பாய் நிரூபிக்க வேண்டுமா, பணியால் வரவில்லை என்று அரசாங்கம் நிரூபிக்க வேண்டுமா?

இந்தச் சண்டை நம் நாட்டில் தொடங்கியது அல்ல. முதல் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கானவர்கள் நுரையீரல் கெட்டும் மனம் கலங்கியும் திரும்பியபோதே பிரிட்டனில் இது பெரிய விவாதம். ‘பணிக்குத் தகுதி என்று எடுத்தாய், அப்படியானால் பென்ஷனுக்கும் தகுதி’ என்ற பொருளில் அங்கே ஒரு முழக்கமே இருந்தது. சேர்க்கும்போது உடம்பைச் சோதித்து நல்ல ஆள் என்று எடுத்துக்கொண்டது நீ, கெட்டுப் போனதும் பழைய நோய் என்று கைகழுவுவது என்ன நியாயம் என்பது அதன் சாரம். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது நிரூபிக்கும் சுமை போர்வீரன் தலையில்தான் இருந்தது. எதிர்ப்பு பலமாகி, போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டிலேயே விதியை மாற்றினார்கள். சுமை அரசாங்கத்தின் பக்கம் போனது. சந்தேகம் இருந்தால் அதன் பலன் வீரனுக்கு. மேல்முறையீடு கேட்கத் தனித் தீர்ப்பாயங்களும் அதே ஆண்டுச் சட்டத்தில் வந்தன.

அந்த மேல்முறையீடுகளைக் கேட்ட நீதிபதிகளில் ஒருவர் டென்னிங். 1947இல் ஒரு ராணுவத்தாரின் விதவை தொடுத்த வழக்கு அவரிடம் வந்தது. கணவர் பணியில் இருக்கும்போதே புற்றுநோயால் இறந்துபோனவர். அந்த அம்மாவுக்கு வழக்கு ஜெயிக்கவில்லை. ஆனால் ‘நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்’ என்றால் எவ்வளவு, ‘இதற்கே வாய்ப்பு அதிகம்’ என்றால் எவ்வளவு என்று டென்னிங் அதில் தந்த விளக்கம் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் நம் ஊர்க் கொலை வழக்குத் தீர்ப்புகளில் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். அது பிறந்தது ஒரு பட்டாளத்துக்காரரின் பென்ஷன் வழக்கில் என்பது பலருக்குத் தெரியாது.

நம் நாட்டுக்கு வருவோம். 1961ஆம் ஆண்டின் ராணுவப் பென்ஷன் விதிகளோடு இணைந்து, 1982இல் இதற்கென்றே ஒரு விதித் தொகுப்பு வந்தது. அதில் மூன்று விதிகள் முக்கியம். நான் என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஐந்தாவது விதி: படையில் சேரும்போது குறிப்பேட்டில் எழுதப்பட்ட குறைகளைத் தவிர, மற்றபடி அவன் உடலாலும் மனதாலும் நலமாக இருந்தான் என்றே கொள்ள வேண்டும். பிறகு நோயால் வெளியே அனுப்பப்பட்டால், உடல் கெட்டது பணியால்தான் என்று கொள்ள வேண்டும்.

ஒன்பதாவது விதி: உரிமை கேட்டு வருபவனிடம் ‘நீ நிரூபி’ என்று சொல்லக் கூடாது. நியாயமான சந்தேகம் எழுந்தால் பலன் அவனுக்கே.

பதினான்காவது விதி: சேரும்போது குறிப்பு இல்லாத நோய் பணியில்தான் வந்தது என்று பொதுவாகக் கருத வேண்டும். சேர்க்கும்போது சோதித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாத நோய் இது என்று மருத்துவர்கள் கருதினால் அப்படிக் கருத வேண்டியதில்லை. ஆனால் அதற்கான காரணத்தை அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும்.

காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். ‘எதனால சார் வந்துச்சு’ என்ற கேள்விக்கு அதிகாரி பதில் எழுதியாக வேண்டும் என்று விதியே சொல்லியிருக்கிறது.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் பல ஆண்டுகள் நடைமுறை வேறாக இருந்தது. அச்சடித்த படிவத்தில் ‘இல்லை’, ‘இல்லை’ என்று இரண்டு இடத்தில் எழுதினால் முடிந்தது. அந்த வாசகத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நானா’ கேஸ் என்று ராணுவ வட்டாரத்தில் பேரே வைத்துவிட்டார்கள்.

எதிர்த்துக் கேட்பதும் எளிதில்லை. அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைச் சட்டம் போட்டுக் குறைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அதன்படி அவர்கள் சங்கம் வைக்க முடியாது, பத்திரிகைக்குப் பேச முடியாது. எங்கள் வங்கியில் ஒரு ஊழியருக்கு இன்கிரிமென்ட் தவறினால் யூனியன்காரர்கள் மேனேஜர் அறைக்கு வந்து நிற்பார்கள். சிப்பாய்க்கு அப்படி யாரும் கிடையாது. ஊருக்கு வந்த பிறகு உயர் நீதிமன்றம் போகலாம். வேலூரிலிருந்து சென்னைக்குப் போய், வக்கீல் பிடித்து, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரிசி ஆலைக் காவல்காரருக்கு அது நடக்கிற காரியமா?

இதற்கிடையில் பென்ஷன் என்பதன் பொருளே மாறிக்கொண்டு வந்தது. பென்ஷன் என்பது அரசாங்கம் மனமிரங்கிக் கொடுக்கும் தருமம் அல்ல, ஊழியரின் சொத்துரிமை என்று 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1982 டிசம்பர் 17ஆம் தேதி நகாரா வழக்கில் அதை இன்னும் விரித்துச் சொன்னது. அந்தத் தேதியை நாம் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறோம், உங்களில் பலர் கூட்டத்துக்கும் போயிருப்பீர்கள். படையினருக்கென்று தனி மேடை வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 2007இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் நிறைவேறி, 2009 ஆகஸ்டில் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது. டெல்லியில் முதன்மை அமர்வு, சென்னை உட்பட வேறு பல ஊர்களில் வட்டார அமர்வுகள்.

அப்போதும் சுமை யாருக்கு என்ற கேள்வி முடியவில்லை. 2007லும் 2009லும் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சில வழக்குகளில், அதிலும் மனநோய் தொடர்பானவற்றில், மருத்துவக் குழுவின் கருத்துக்கே முதலிடம் என்று தீர்ப்பானது. சிப்பாய் தோற்றான்.

திருப்பம் 2013 ஜூலை 2ஆம் தேதி வந்தது. அந்த வழக்கின் சிப்பாய் பெயர் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. அவர் நோயைப் பற்றிப் பேசப் போவதால் நான் இங்கே பெயரைச் சொல்லவில்லை. 1985 ஜூனில் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தார். சேரும்போது எந்த நோயும் குறிப்பில் இல்லை. ஏறக்குறைய ஒன்பது வருடப் பணிக்குப் பிறகு, 1994 ஏப்ரல் 1ஆம் தேதி வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பப்பட்டார். குறைபாடு 20 சதவீதம். பணியோடு தொடர்பில்லை என்று மருத்துவக் குழு எழுதியது. 1995இல் அவர் மனு தள்ளுபடியானது. இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகச் சொன்னார். அரசு மேல்முறையீடு செய்தது, இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. அவர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார்.

நீதிபதிகள் பட்நாயக், முகோபாத்யாயா இருவரும் செய்தது மிக எளிமையான வேலை. அரசாங்கத்தின் விதிப் புத்தகத்தையே எடுத்துப் படித்தார்கள். சேரும்போது நோய்க் குறிப்பு உண்டா? இல்லை. அப்படியானால் நலமாக வந்தான் என்று கொள். கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று மருத்துவக் குழு காரணம் எழுதியிருக்கிறதா? இல்லை. அப்படியானால் அந்தக் கருத்தை வைத்து அவன் உரிமையை மறுக்க முடியாது. நிரூபிக்கும் சுமை முதலாளியான அரசாங்கத்துக்கு. சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. வெளியே அனுப்பப்பட்டுப் பத்தொன்பது வருடம் கழித்து, தனி நீதிபதி கொடுத்த உத்தரவு அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

புதிதாக ஒரு சட்டமும் பிறக்கவில்லை. 1982லிருந்து அச்சில் இருந்த வரிகளை உள்ளபடி படித்தார்கள், அவ்வளவுதான். நம்மில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். விதி ஒன்று இருக்கும், வழக்கம் ஒன்று இருக்கும். காலப்போக்கில் புதிதாக வரும் குமாஸ்தா வழக்கத்தைத்தான் விதி என்று கற்றுக்கொள்வார்.

அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு பலர் தீர்ப்பாயங்களில் ஜெயித்தார்கள். 2014 ஜூனில் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. நோயைக் காட்டி ஒருவனை வேலையை விட்டே அனுப்புகிறாய் என்றால் அவன் குறைபாடு 20 சதவீதத்துக்கு மேல் என்றுதானே அர்த்தம் என்று கேட்டது. அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி அரசு தாக்கல் செய்திருந்த நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகளை ஒன்றாகத் தள்ளுபடி செய்தது. அது சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடும் சலுகை பற்றியது. 50க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை இருந்தால் 75, அதற்கு மேல் 100 என்று கொள்ளும் முறை. நோயால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்த இதை, பணிக்காலம் முடித்துக் குறைபாட்டோடு ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றது நீதிமன்றம்.

இது சின்னக் கணக்கு இல்லை. 100 சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் தருவார்கள். சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக் குறைபாட்டுக்கு 12,000. 20 சதவீதத்துக்கு 2,400. அதையே 50 என்று உயர்த்தினால் 6,000. ஒரு குடும்பத்தின் மருந்துச் செலவுக்கும் மளிகைக்கும் உள்ள வித்தியாசம் இது.

வென்ற சிப்பாய்க்கு எதிராகவும் அரசு மேலே மேலே போவது நல்லதல்ல என்ற பேச்சு அரசுக்குள்ளேயே எழுந்தது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் 2015இல் அமைத்த நிபுணர் குழு, டிசபிலிட்டி பென்ஷன் வழக்குகளைக் குறைக்கும் வழிகளைப் பரிந்துரைத்தது.

அரசுத் தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பது வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எல்லோருக்கும் வருகிறது, எல்லாவற்றையும் பட்டாளத்தின் தலையில் கட்ட முடியுமா என்கிறார்கள். எல்லையில் காயம்பட்டவனுக்கும், அமைதியான ஊரில் அலுவலகப் பணியில் இருந்து நோய் வந்தவனுக்கும் ஒரே தராசா என்றும் கேட்கிறார்கள். இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2019இலும் ஒரு மனநோய் வழக்கில் சிப்பாய்க்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2022 ஜூலையில் சென்னை அமர்வு தந்த ஓர் உத்தரவையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மருத்துவக் குழுவின் கருத்தின் மேல் தீர்ப்பாயம் மேல்முறையீட்டு மன்றம்போல் உட்கார முடியாது என்றது. 2008இல் ஒரு விதித் தொகுப்பும், 2023 செப்டம்பரில் இன்னும் கறாரான புதிய தொகுப்பும் வந்தன. முன்னாள் படைவீரர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்தப் புதிய விதிகள் அதன் பிறகு வெளியே வருபவர்களுக்குத்தான். பழையவர்களுக்குப் பழைய விதிதான்.

ஆனால் எத்தனை தொகுப்பு வந்தாலும் அந்த அடிப்படை எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆள்சேர்ப்பு முகாமை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் ஓட விடுவார்கள். நெஞ்சை விரியச் சொல்லி அளப்பார்கள். முட்டி தட்டுகிறதா, பாதம் தட்டையா, காதில் சீழா, பல் எத்தனை என்று பார்ப்பார்கள். சின்னக் குறை இருந்தாலும் கழித்துவிடுவார்கள், பையன் அழுதுகொண்டே திரும்புவான். மனம், செவி, கை கால், உடல், கண் என்று ஐந்துக்கும் முதல் தரம் என்று முத்திரை வாங்கியவன்தான் உள்ளே போகிறான். ‘ஷேப் ஒன்’ என்பார்கள். அவ்வளவு சல்லடை போட்டுச் சலித்து எடுத்த ஆளை, எட்டு வருடம் கழித்து ‘இது உன் சொந்த நோய்’ என்று சொல்வதானால், குறைந்தது ஏன் என்றாவது சொல்ல வேண்டாமா?

இதைப் படிக்கும் வீட்டில் யாராவது அப்படிப் பாதியில் வந்தவர் இருந்தால் சில விஷயம். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மெடிக்கல் போர்டு நகலையும் எடுத்துப் பாருங்கள். நகல் இல்லாவிட்டால் அவரவர் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். ‘இல்லை’ என்பதற்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டுங்கள். அதற்கு மேல் சென்னையில் தீர்ப்பாயம் இருக்கிறது. தாமதம் மட்டும் வேண்டாம். 1983இல் அனுப்பப்பட்டு 1999இல் வழக்குப் போட்ட ஒருவருக்குப் பென்ஷன் உரிமை உண்டு, ஆனால் நிலுவை வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினாறு வருடத்தில் பெரும்பகுதி அவருக்குப் போய்விட்டது.

அந்த அரிசி ஆலைக் காவல்காரரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. அந்த ஹவில்தாரைக் கேட்டேன், குடும்பத்தோடு மகள் ஊருக்குப் போய்விட்டார் என்றார். அன்றைக்கு எனக்கு இந்த விதிகள் தெரியாது. தெரிந்திருந்தால் கவுண்டரை ஐந்து நிமிடம் மூடிவிட்டு, அந்தத் தாளின் ஓரத்தில் ‘காரணம் எங்கே?’ என்று பென்சிலால் எழுதிக் கொடுத்திருப்பேன்.